கண்மாய் உள்வாயில் புதர்க்கூட்டங்களை வகை பிரிப்பது

பந்தல்குடிப் பக்கம் ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில் ஏறி நின்று உள்வாயைப் பார்த்தால் கண்ணுக்கு ஒரே பச்சைதான் தெரியும். ஊரார் அதைக் கருவேலங்காடு என்பார்கள். வருவாய்க் கணக்கில் அது நீர்நிலைப் புறம்போக்கு. கரிமூட்டம் போடுகிறவருக்கு அது இத்தனை டன் விறகு. உள்ளே இறங்கி நடக்கிறவருக்கோ அது ஒரே காடு அல்ல. குறைந்தது மூன்று, சில கண்மாய்களில் ஐந்து செடிக்கூட்டங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கும். அவற்றைப் பிரித்துப் பெயரிட்டுப் பதிவு செய்வது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

செடிக்கூட்டம் என்று இங்கே சொல்வது, ஒரே மாதிரி நீரும் மண்ணும் கிடைக்கிற இடங்களில் திரும்பத் திரும்ப ஒன்றாகவே காணப்படும் செடிகளின் சேர்க்கையை. அந்தச் சேர்க்கையில் உள்ள ஒவ்வொரு செடியும் ஊரெங்கும் கிடைக்கிற சாதாரணச் செடியாக இருக்கலாம். சங்கஞ்செடி அரிதல்ல, உகா அரிதல்ல, கோரை களையாகவே வளர்கிறது. ஆனால் மூன்றும் ஒரே இடத்தில், நாலு நாள் நீர் ஏறி இறங்கும் கரிசல் ஓரத்தில் சேர்ந்து நிற்பது அரிது. இந்த வட்டாரத்தில் தேட வேண்டியது அரிய செடியை அல்ல, அரிய சேர்க்கையை. அருகிவரும் செடிகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கண்மாயில் இறங்குகிறவர் ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுத் திரும்புவார். அவர் போன மறுவாரம் பொக்லைன் இறங்கும்.

மலையிலிருந்து வந்த முறை

செடிக்கூட்டங்களை வகைப்படுத்தும் முறைகள் பெரும்பாலும் குளிர்நாடுகளிலும் மலைகளிலும் உருவானவை. சுவிட்சர்லாந்தில் பிறந்து பிரான்சின் மான்ட்பெலியேவில் பணியாற்றிய ஜோசியாஸ் பிரவுன் பிளாங்கே 1928இல் வெளியிட்ட நூல்தான் இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படும் பதிவு முறைக்கு அடிப்படை. அமெரிக்காவில் தேசிய அளவிலான தாவர வகைப்பாட்டுக்கு 2008இல் எட்டு அடுக்கு கொண்ட தர நிர்ணயம் வந்தது. மலைச் சதுப்பில் சில ஏக்கர் மட்டுமே உள்ள ஒரு புதர்க்கூட்டத்துக்குக்கூட அதில் தனிப் பெயரும் இடமும் கொடுக்க முடியும்.

நமக்கு அருகில் உள்ள மலைச் சதுப்பு நீலகிரியிலும் பழனி மலையின் மேல்தட்டிலும் இருக்கிறது. சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே பள்ளத்தில் நீர் ஆண்டு முழுதும் கசிந்து நிற்கும். மக்காத தழை அடுக்கடுக்காகப் படிந்து கரிமண் ஆகும். ராமன் சுகுமாரும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் நீலகிரியின் அந்தக் கரிமண்ணில் உள்ள கார்பனை ஆராய்ந்து, சுமார் 20,000 ஆண்டுக் காலநிலை மாற்றத்தை வாசித்து 1993இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 

மலைச் சதுப்பில் எல்லைகள் நிலையானவை. சதுப்பின் விளிம்பு சென்ற ஆண்டு எங்கே இருந்ததோ அங்கேதான் இந்த ஆண்டும் இருக்கும். ஒருமுறை போய்ப் பார்த்து வரைந்த வரைபடம் பல ஆண்டு செல்லுபடியாகும். நம் கண்மாயில் அந்த முறையை அப்படியே போட்டால் பிசகும். மார்கழியில் அல்லி பூத்த அதே இடத்தில் சித்திரையில் வெடிப்பு விட்ட கரிசலும் செருப்படையும் இருக்கும். நீர் எவ்வளவு ஆழம் என்பதைவிட எத்தனை மாதம் நின்றது என்பதுதான் இங்கே செடியைத் தீர்மானிக்கிறது. மலை நூல்களில் ஆழமும் மண்ணின் புளிப்பும் இருக்கும் இடத்தில் நாம் நீர் நின்ற மாதத்தை, அதாவது நீர்மாதத்தை, வைக்கிறோம். மற்றதெல்லாம் பிறகு.

நிலத்தின் சாய்வு

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டிவிடும். அருப்புக்கோட்டையிலிருந்து தெற்கே பந்தல்குடி, எட்டயபுரம் வரையிலும், கிழக்கே திருச்சுழி வரையிலும் கரிசல் பரந்து கிடக்கிறது. இடையிடையே செம்மண், அடியில் சுக்கான் பாறை. பந்தல்குடியில் சிமென்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் வேண்டாம். ஒரு கட்டியில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் நுரைக்கும். நுரைத்தால் பதிவேட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

கண்மாயின் வடிவத்தை மனதில் வைத்துக்கொண்டால் வகை பிரிப்பது பாதி முடிந்த மாதிரி. ஆழம் கரையை ஒட்டி, மடைக்குப் பக்கத்தில். அங்கிருந்து வரத்துக்கால் வந்து சேரும் மேற்பக்கம் நோக்கித் தரை மெல்ல ஏறும். நீர் வற்றும்போது மேற்பக்கத்திலிருந்து கரையை நோக்கிச் சுருங்கும். அதனால் ஒவ்வொரு நீர்மாத அளவும் உள்வாயில் ஒரு வளையமாக விழுகிறது. சுண்ணாம்புக்கல் எடுத்து விட்ட குழியிலும் நீர் நிற்கும், சில குழிகளில் கோடையிலும். ஆனால் செங்குத்தாக வெட்டிய ஓரத்தில் வளையம் விழ இடமில்லை. குழிகளை இந்த முறையில் சேர்க்காதீர்கள்.

எப்போது, எப்படிப் போவது

இரண்டு முறையாவது போக வேண்டும். முதல் பயணம் தை மாதத்தில். நீர் எதுவரை ஏறியது என்பதை அப்போது கண்ணால் பார்க்கலாம், நீர்ச்செடிகளும் பூவோடு இருக்கும். இரண்டாவது பங்குனிக் கடைசியில். நீர் இறங்கிய தரையில் முளைத்தவை அப்போதுதான் தெரியும், கருவேல வகைகளில் காயும் இருக்கும். கோடையில் மட்டும் போய் எழுதிய பட்டியல் பாதிப் பட்டியல்.

மடையிலிருந்து உள்வாயின் மேற்பக்க ஓரம் வரை ஒரு நேர்கோடு தேர்ந்துகொள்ளுங்கள். கோட்டில் செடி மாறுகிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கட்டம்: மரத்துக்கு 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதற்குள் புதருக்கு 5க்கு 5, அதற்குள் தரைச்செடிக்கு 1க்கு 1. செடி மாறுகிற எல்லையின்மேல் கட்டத்தைப் போடக் கூடாது. எல்லைக்கு உள்ளே, ஒரே மாதிரி இருக்கும் இடத்தில் போட வேண்டும். கட்டத்துக்குள் ஒவ்வொரு செடியும் தரையில் எவ்வளவு நிழல் விழும்படி பரந்திருக்கிறது என்று பிரவுன் பிளாங்கே அளவில் எழுதுங்கள். ஓரிரண்டு செடி மட்டும் என்றால் கூட்டல் குறி. 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் 1. 5 முதல் 25 வரை 2, 25 முதல் 50 வரை 3, 50 முதல் 75 வரை 4, அதற்கு மேல் 5. மரம், புதர், தரை என்று அடுக்குக்கு ஒரு தனிப் பட்டியல். ஒரே பட்டியலாக எழுதினால் மேலே நிற்கும் கருவேலம் கீழே உள்ள எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

நீர்மாதத்தை எப்படிக் கணக்கிடுவது? அளவுகோல் நட்டு ஆண்டு முழுதும் பார்ப்பதுதான் சரியான வழி, ஆனால் அது எல்லோருக்கும் ஆகாது. அடுத்த நல்ல வழி ஆட்களைக் கேட்பது. நீர்பாய்ச்சிக்குக் கண்மாயின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் தெரியும். ஆடு மேய்க்கிறவருக்கு எந்த மாதம் எதுவரை நடக்க முடிந்தது என்று தெரியும். "அண்ணாச்சி, போன வருசம் தண்ணி எத்தனை மாசம் நின்னுச்சு?" என்று கேட்டால் உத்தேசமாகத்தான் பதில் வரும். "பொங்கலுக்கு இந்த மரம் வரைக்கும் தண்ணி இருந்துச்சா? மாசிக் களரிக்கு?" என்று இடத்தையும் நாளையும் சேர்த்துக் கேளுங்கள். திருவிழாவை வைத்துக் கேட்டால் மனிதர்கள் பிசகுவது குறைவு. மரத்தண்டில் வண்டல் படிந்த கோடு, கிளையில் தொங்கும் காய்ந்த பாசி, தரையில் கிடக்கும் நத்தை ஓடு ஆகியவை அவர்கள் சொன்னதைச் சரிபார்க்க உதவும்.

வளையங்கள்

மடைப் பள்ளம். ஐந்து மாதத்துக்கு மேல் நீர். அல்லி, கொட்டி, ஆரை, ஓரத்தில் சம்பு. புதர் இராது. கொட்டிக்குக் கிழங்கும் ஆரைக்கு உறை கெட்டியான வித்துப்பையும் உண்டு. நீர் வராத ஆண்டுகளை அவை மண்ணுக்குள் கழித்துவிடும். ஆகவே காய்ந்த ஆண்டில் பள்ளம் வெறுந்தரையாகத் தெரிந்தால் ஒன்றுமில்லை என்று எழுத வேண்டாம். வண்டல் அள்ளும்போது போவது மண் மட்டுமல்ல.

சேற்று வளையம். மூன்று முதல் ஐந்து மாதம். புதர்க்கூட்டம் இங்கே தொடங்குகிறது. நீர்முள்ளி இடுப்பளவு நிற்கும். கணுவைச் சுற்றி வட்டமாக முள், ஊதாப் பூ. அதோடு நெட்டி. இந்த இனத்தின் தடித்த வகையில்தான் தஞ்சாவூர் நெட்டி வேலை செய்கிறார்கள், 2020இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோரையும் பொன்னாங்கண்ணியும் கரிசலாங்கண்ணியும் தரையில். இந்த வளையத்தின் எதிரி நெய்வேலிக் காட்டாமணக்கு. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது, ஆடு தின்றால் நஞ்சு, ஒடித்துப் போட்ட தண்டு சேற்றில் வேர் விடும். வெட்டி அங்கேயே போட்டுவிட்டு வருவது பயிர் வைப்பதற்குச் சமம்.

கருவேல வளையம். ஒன்று முதல் மூன்று மாதம், சில கண்மாய்களில் அதற்கு மேலும். நாட்டுக்கருவேலம் வளர்ந்த பிறகு நீரில் மாதக்கணக்கில் நிற்கும். பெரும்பாலான கண்மாய்களில் இது தானாக வளர்ந்ததல்ல. ஸ்வீடன் நாட்டு உதவியோடு 1980களில் நடந்த சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்திலும் அதற்கு முன்னும் பின்னும் வனத்துறை நட்டது. நட்டதாக இருந்தால் மரங்கள் ஏறக்குறைய ஒரே பருமனில் வரிசை தெரிய நிற்கும். நட்டது என்பதற்காக அதைக் கழித்துவிடக் கூடாது. முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைக் காப்பகங்கள் 2022இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் அறிவிக்கப்பட்டன. அங்கே கொக்கும் நாரையும் கூடு கட்டுவது இதே மாதிரிக் கண்மாய்க் கருவேலத்தில்தான்.

மேட்டோரம். நீர் சில நாள் ஏறி இறங்கும், நல்ல மழை ஆண்டில் இரண்டு மூன்று வாரம். சங்கஞ்செடி, உகா, விடத்தலை, இலந்தை, ஆவாரை, நடுவே ஒன்றிரண்டு வெள்வேல் அல்லது உடைமரம். தரையில் கோரையும் பொடுதலையும். தேடச் சொன்ன அரிய சேர்க்கை இதுதான். மேலே இருப்பது மானாவாரிக் காட்டின் முட்புதர், கீழே இருப்பது நீர்நிலையின் தரைச்செடி. இரண்டும் கலப்பது இந்த ஒரு பட்டையில் மட்டும். பட்டை சில இடங்களில் பத்தடி அகலம்கூட இராது. மல்லியோ பருத்தியோ போட உழவு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருவது இந்தப் பக்கமிருந்துதான், சீமைக்கருவேலம் முதலில் பிடிப்பதும் இங்கேதான். வகை பிரிக்கப் போகிறவர்கள் கரையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பள்ளத்தையும் கருவேலத்தையும் பார்த்துவிட்டு வெயிலில் திரும்பிவிடுவார்கள். மேட்டோரம் கரைக்கு எதிர்ப்பக்கம், நடக்க வேண்டும். என் கருத்தில் நேரம் குறைவாக இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம்.

வரத்துக்கால் ஓரத்து நொச்சிப் புதரை வளையத்தில் சேர்க்காமல் தனிக் கூட்டமாக எழுதுங்கள். அது ஓடும் நீரின் ஓரத்துச் சேர்க்கை.

முள்மரங்களைப் பிரித்தறிவது

ஒரு முழு வகைப்பாடே இதில் தவறிப் போகும் என்பதால் கொஞ்சம் நிதானமாக. காய் இருந்தால் சந்தேகமே இல்லை. நாட்டுக்கருவேலத்தின் காய் சாம்பல் நிறத்தில், விதைக்கு விதை இடுங்கி, மணி கோத்த மாலை போல இருக்கும். சீமைக்கருவேலத்தின் காய் இளமஞ்சள், இடுங்காத நீளப் பட்டை, மென்றால் இனிக்கும். ஆடு அதைத் தின்று புழுக்கையில் விதையைப் பரப்புவது அந்த இனிப்புக்காகத்தான். பூவில் பார்த்தால் நாட்டுக்கருவேலத்துக்குப் பொன்மஞ்சள் உருண்டை, சீமைக்கு வெளிறிய விரல்நீளக் கதிர். காயும் பூவும் இல்லாத மாதத்தில் இலை: நாட்டுக்கருவேலத்தின் சிற்றிலைகள் மிகப் பொடியானவை, நெருங்கியவை. சீமையின் சிற்றிலைகள் நீளமானவை, இடைவெளி விட்டவை. அடியிலிருந்தே பல தண்டாகக் கிளம்பியிருந்தால் பெரும்பாலும் வெட்டித் துளிர்த்த சீமைதான்.

உடைமரத்தைத் தூரத்திலிருந்தே அறியலாம், தலை தட்டையாகக் குடை விரித்த மாதிரி இருக்கும். வெள்ளைப் பூவுருண்டை, சுருண்ட காய். வெள்வேலின் பட்டை வெளிறியது. ஆனால் உடை என்ற பெயரைச் சில ஊர்களில் சீமைக்கருவேலத்துக்கும் சொல்கிறார்கள். பெயரை மட்டும் கேட்டு எழுதாமல் காயோடு ஒரு கொப்பை எடுத்துச் செய்தித்தாளுக்குள் அழுத்தி வையுங்கள். சங்கஞ்செடிக்குக் கணுவுக்கு நான்கு முள். உகா இலையைக் கடித்தால் கடுகு போலக் காரம். விடத்தலைக்கு ஒரே பூங்கொத்தில் மேலே இளஞ்சிவப்பு, கீழே மஞ்சள். ஐயம் தீராத கொப்புகளுக்கு அருள்தந்தை கே.எம். மேத்யூ 1980களின் தொடக்கத்தில் வெளியிட்ட தமிழ்நாடு கர்நாடிக் தாவரத் தொகுதிகளைப் பார்க்கலாம். அவர் வளர்த்த ரப்பினா உலர்தாவரகம் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இருக்கிறது.

பெயரிடுதல்

ஒரு கட்டத்துக்குப் பெயர் ஐந்து துண்டாக எழுதுங்கள்: மேலோங்கிய செடி, கூட நிற்கும் குறிச்செடி, நீர்மாதம், மண், தானாக வந்ததா நட்டதா. மாதிரிக்கு ஒன்று: "உகா, சங்கு புதர், தரையில் கோரை, நீர் ஒரு மாதத்துக்குள், சுண்ணாம்புக் கரிசல், தானாக வந்தது." இன்னொன்று: "நாட்டுக்கருவேல மரம், தரையில் பொடுதலை, நீர் மூன்று மாதம், கரிசல், நட்டது." குறிச்செடி என்பது அதிகமாக இருக்கும் செடி அல்ல. இந்தக் கூட்டத்தில் வந்து, எதிலிருந்து பிரிக்கிறோமோ அந்தக் கூட்டத்தில் வராத செடி. மேட்டோரத்தைக் காட்டு முட்புதரிலிருந்து பிரிப்பது உகா அல்ல, அடியில் உள்ள கோரையும் பொடுதலையும்தான். சிறியதைத்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

சீமைக்கருவேலம் 4 அல்லது 5 என்று பதிந்த கட்டத்தைச் சீமைக்கருவேலக் கூட்டம் என்றே எழுத வேண்டும், மனம் ஒப்பாவிட்டாலும். ஆனால் அடியில் சங்கோ உகாவோ நீர்முள்ளியோ கூட்டல் குறி அளவிலாவது இருந்தால் பெயருக்குப் பின்னால் "மேட்டோரம் மறைந்தது", "சேற்று வளையம் மறைந்தது" என்று சேருங்கள். மீட்கக்கூடிய இடம் எது என்பதைப் பின்னால் வருகிறவருக்கு அந்தச் சொற்கள்தான் காட்டும்.

அரிதா இல்லையா என்று தீர்மானிக்க அமெரிக்காவின் நேச்சர்சர்வ் அமைப்பு உலக அளவில் ஒன்று முதல் ஐந்து வரை தரம் இடுகிறது, ஒன்று என்றால் மிக ஆபத்து. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2014இல் வாழிடத் தொகுதிகளுக்கும் சிவப்புப் பட்டியல் முறையை ஏற்றது. ஓர் ஊருக்கு அவ்வளவு வேண்டாம். மறுகால் நீரால் ஒன்றோடொன்று இணைந்த கண்மாய்த் தொடரை ஓர் அலகாக வைத்துக்கொள்ளுங்கள். அத்தொடரில் எத்தனை கண்மாயில் அந்தக் கூட்டம் இருக்கிறது, மொத்தம் எவ்வளவு நீளம், இந்த மூன்று ஆண்டில் குறைந்ததா என்ற மூன்று கேள்விக்கு விடை எழுதினால் போதும்.

பெரிய பட்டியல்களில் இதற்கு இடம் தேடினால் முழுதாகக் கிடைக்காது. சாம்பியனும் சேத்தும் 1968இல் திருத்தி வெளியிட்ட இந்தியக் காட்டு வகைகளில் தென்னாட்டு முட்காடும் உடைமரக் காடும் ஆறாம் தொகுதியில் உண்டு, கண்மாய் ஓரம் இல்லை. ராம்சார் வகைப்பாட்டில் புதர் மேலோங்கிய நன்னீர் நிலம் என்று ஓர் இனம் உண்டு. ஆனால் கண்மாய் மனிதர் வெட்டியது என்பதால் வேறு வரிசைக்குப் போய்விடும். இந்திய அரசின் 2017 ஈரநில விதிகள் பாசனத்துக்காகக் கட்டிய நீர்நிலைகளை வெளியே வைத்துவிட்டன. ஆகவே உங்கள் பதிவேட்டுக்குச் சட்டப் பலம் குறைவு. நடைமுறைப் பலம் உண்டு.

2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னது, அதே ஆண்டு குடிமராமத்து மறுபடி தொடங்கியது, 2022இல் அயல் ஊடுருவல் தாவரங்களுக்கு மாநில அரசு கொள்கை வெளியிட்டது. ஆக, கண்மாய்க்குள் இயந்திரம் இறங்குவது இனி நிற்காது, சீமை போக வேண்டியதும்தான். வேலை தொடங்குமுன் ஊராட்சிக்கும் நீர்வளத்துறைப் பொறியாளருக்கும் இரண்டு பக்கம் கொடுங்கள்: வளையங்கள் குறித்த கைவரைபடம் ஒன்று, விட்டுவைக்க வேண்டிய கூட்டங்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று. ஓட்டுநர் தாளைப் பார்க்க மாட்டார். அவருக்காக நாட்டுக்கருவேலத்திலும் உடைமரத்திலும் நெஞ்சு உயரத்தில் சுண்ணாம்புப் பட்டை அடியுங்கள், மேட்டோரப் பட்டையின் இரு முனையிலும் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். மேட்டோரத்தில் சீமையைக் கையால் வெட்டி வேரோடு பறிக்கச் சொல்லுங்கள், இயந்திரம் வேண்டாம். கூலி கூடுதல் ஆகும், அதை மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்ல வேண்டும். வேலை முடிந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

அடுத்த முறை கண்மாய் மறுகால் பாயும் ஆண்டில் அதே கோட்டில் அதே கட்டங்களைத் திரும்பப் பதியுங்கள். இடையில் கண்மாய் நிறையாத ஆண்டுகள் வரும். அந்த ஆண்டுகளிலும் போய்ச் செடிகளை எழுதலாம், ஆனால் கூட்டத்தின் பெயரையும் நீர்மாதத்தையும் மாற்றாமல் பழையதையே விட்டு, ஓரத்தில் "நிறையாத ஆண்டு" என்று மட்டும் குறியுங்கள்.